மச்சான் எந்தப் போத்தலைக் கொண்டுவரலாம்? நான்கு ஐரிஷ் விஸ்கியும் மூன்று சுருட்டும்

ஆடி பிறந்தால் வன்னிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ரொறன்ரோவில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், பாரிஸில் லீவு கிடைத்திருக்கும். கோயில் திருவிழா, கலியாணம், காணி உறுதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். விமானம் ஏறுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் வாட்ஸ்அப்பில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மச்சான், உனக்கு என்ன போத்தல் கொண்டுவர?"

"உன்ர விருப்பம்" என்று சொல்லித்தான் இத்தனை வருடமும் பழக்கம். அதன் பலனாக அலுமாரி மேல்தட்டில் ஒரே ஸ்கொட்ச் நான்கு போத்தல் தூசி பிடித்து நின்றன. பிறகு ஒருமுறை விமான நிலையக் கடையில் அந்த ஸ்கொட்ச் முடிந்துபோக, மச்சான் ஒரு ஐரிஷ் போத்தலோடு வந்து இறங்கினான். அன்றிலிருந்து எங்கள் முற்றத்தில் ஐரிஷ்தான் கதை. இப்போது அக்கம்பக்கத்திலும் கேட்கிறார்கள்: மலிவான ஐரிஷில் எது நல்லது? சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுருட்டையும் பற்றவைத்தால் எதோடு எது சரிவரும்?

வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போன வருடம் கிளிநொச்சியில் எங்கள் வேப்பமரத்தடியில் நான்கு பேர் இருந்து, மூன்று இரவாக ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதிவிடுகிறேன். நான், ரொறன்ரோ மச்சான், நாற்பது வருடமாகச் சுருட்டுப் பற்றும் பக்கத்து வளவு அண்ணை, அப்புறம் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி; அவர் குடிக்கவில்லை. மணந்து பார்த்தே புள்ளி போட்டார். எங்கள் மூன்று பேரின் நாக்கைவிட அவருடைய மூக்குத்தான் கூடச் சரியாக இருந்தது.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ புகையிலையோ விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு. பழக்கம் இல்லாதவர் இதை வாசித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே இடைக்கிடை எடுப்பவர் எதை எடுப்பது என்று யோசித்தால், அவருக்குத்தான் இது.

## ஐரிஷ்காரன் தவிர்த்த புகை

ஐரிஷ் விஸ்கி என்று லேபல் ஒட்ட வேண்டுமென்றால் சரக்கு அயர்லாந்துத் தீவிலேயே மரப் பீப்பாயில் 3 வருடமாவது கிடந்திருக்க வேண்டும். மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. பெரும்பாலானவை மூன்று தரம் வடித்தவை. ஸ்கொட்ச் வழமையாக இரண்டு தரம். இந்த விவரங்களில் சில போத்தலிலேயே இருக்கும். சுருட்டோடு சேர்க்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: பார்லியைக் காயவைத்த விதம்.

ஸ்கொட்லாந்தின் ஐலா தீவுப் பக்கம் முளைகட்டிய பார்லியைச் சதுப்புக் கரியின் புகையில் உலர்த்துவார்கள். அந்தப் புகை கடைசிவரை கிளாஸுக்குள் நிற்கும். அயர்லாந்தில் பெரும்பாலும் புகை படாமலே காயவைக்கிறார்கள். கொனமாரா போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு. அதனால் சாதாரண ஐரிஷ் போத்தலில் தேன், பச்சை அப்பிள், வறுத்த தானியம் மாதிரி மென்மையான வாசனைகள்தான் இருக்கும். புகை மருந்துக்கும் இல்லை.

யாழ்ப்பாணப் புகையிலை நேர் எதிர். இலையை வெட்டி வாடவிட்டு, குடிலுக்குள் தொங்கவிட்டு, பொச்சுமட்டையை எரித்துப் புகை போடுவார்கள். பற்றவைக்கும் முன்னரே இலை புகை குடித்திருக்கும். கைப்பெட்டியைத் திறந்தாலே அடுப்படி வாசம் வரும்.

ஒருவன் புகையே வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த சரக்கு, மற்றவன் புகைக்குமேல் புகை போட்ட சரக்கு. இரண்டையும் ஒரே இரவில் ஒரே வாய்க்குள் விட்டால் யார் வெல்வது என்று சொல்லத் தேவையில்லை. எனவே எந்த விஸ்கி நல்லது என்று தனியாகக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. எதைப் பற்றப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். போத்தல் அதற்குப் பின்னால் வரட்டும்.

## எதை வைத்து அளந்தோம்

முதலாவது, உடம்பு. விழுங்கிய பிறகு நாக்கில் எண்ணெய் பூசியதுபோல் எவ்வளவு நேரம் நிற்கிறது? புகைக்குத் தாக்குப்பிடிப்பது வாசனையைவிட இந்த உடம்புதான்.

இரண்டாவது, வெக்கை. டப்ளினில் ஆடி மாதப் பகலே 20 பாகை அளவுதான். எங்கள் முற்றத்தில் இரவு எட்டு மணிக்கும் சுவர் சூடு விட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சூட்டில் கிளாஸுக்குள் மூக்கை விட்டால் முதலில் முகத்தில் அடிப்பது மதுசார ஆவி. தேனும் இல்லை, அப்பிளும் இல்லை. ஆகவே போத்தலை ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுத்தோம். பிறகு ஒரே ஒரு ஐஸ் கட்டி போட்டும் பார்த்தோம். ஒரு கட்டிக்கே தண்ணீராய்ப் போகும் விஸ்கி வன்னிக்கு உதவாது.

மூன்றாவது, பைற்ஸ். முறிகண்டிப் பிள்ளையாரடிக் கச்சான், விரால் பொரியல், புழுக்கொடியல், பனங்கட்டி. இவை இல்லாத முற்றம் எது?

நான்காவது, கிடைக்கிற வழியும் முழுச்செலவும். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஐந்தாவதாக, திறந்த போத்தல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் அளக்க நினைத்தோம். போத்தல்கள் அதற்கு இடம் தரவில்லை.

அளவு ஒரு தரத்துக்கு 20 மில்லி. வாய் ஒடுங்கிய சின்னக் கிளாஸ். முதலில் தனியாக ஒரு மிடறு, அடுத்தது நாலைந்து துளி தண்ணீரோடு, கடைசியாகச் சுருட்டோடு. சுருட்டு மூன்று: எங்கள் யாழ்ப்பாணச் சுருட்டு, வெளிறிய கனெக்டிகட் சிகார், கறுத்த மதுரோ சிகார். அவற்றைப் பின்னால் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். எங்கள் கிணறு கொஞ்சம் உவர். முதல் இரவு அதைத்தான் விட்டோம், நான்கு விஸ்கிக்கும் ஒரே சவர்ச் சுவை. அந்த இரவின் புள்ளிகளை அப்படியே கிழித்துப் போட்டோம்.

## ஜேம்சன்

எல்லோருக்கும் தெரிந்த பச்சைப் போத்தல். ஜோன் ஜேம்சனின் பெயரில் டப்ளின் போ தெருவில் 1780இலிருந்து கணக்குச் சொல்கிறார்கள். இன்று வடிப்பது தெற்கே கோர்க் மாவட்டத்து மிடில்டனில். பொட் ஸ்ரில் என்னும் கொப்பரை வடியையும் இலேசான தானிய வடியையும் கலந்தது, 40 வீதம்.

தனியாகக் குடிக்க நல்லது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் குற்றமும். குளிர வைத்தால் வெனிலா, கொஞ்சம் கஜு, சட்டென்று முடிந்துவிடும். ஐஸும் ஜிஞ்சர் பியரும் தேசிக்காய்த் துண்டும் சேர்த்தால் புழுக்கத்துக்கு அமிர்தம். வாத்தியார் மணந்துவிட்டு, "இது கலியாண வீட்டுக்கு வடிவு. யாருக்கும் பிழைக்காது" என்றார்.

சுருட்டோடு? அண்ணை ஒரு இழுவை இழுத்துவிட்டு ஜேம்சனைக் குடித்தார். "தம்பி, இதுக்குள்ள நீ ஊத்தினது தண்ணியோ?" என்று கேட்டார். மென்மையான கனெக்டிகட் சிகாரின் முதல் பாதியோடு மட்டும் சமாளித்தது.

அனுகூலம், இது கிடைக்காத விமான நிலையம் இல்லை. யாருக்கும் சிரமம் கொடுக்காமல் கொண்டுவரச் சொல்லலாம். புகைக்காதவர் வீட்டுக்கு இதைவிட வேறு வேண்டாம்.

## டல்லமோர் டியூ

நடு அயர்லாந்தின் டல்லமோர் ஊர்ச் சரக்கு, 1829. டியூ என்பது பனித்துளி இல்லை, டானியல் ஈ. வில்லியம்ஸ் என்ற மனிதரின் மூன்று முதலெழுத்து. பழைய வடிசாலை 1954இல் மூடி, 2014இல்தான் அதே ஊரில் புதியது திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பெயர் ஓரிடம், வடிப்பு வேறிடம். இடம்பெயர்ந்து அறுபது வருடம் கழித்து ஊர் திரும்பிய கதையென்று நான் விளக்கியதும் அண்ணைக்கு இதன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. புள்ளி கூடப் போட்டார். நாங்கள் அதைக் கழித்துத்தான் கணக்கெடுத்தோம்.

கொப்பரை வடி, முளைகட்டிய பார்லியில் மட்டும் வடிக்கும் மோல்ற், தானிய வடி மூன்றையும் கலந்தது. ஜேம்சனைவிடச் சற்று உறைப்பு, தேசிக்காய்த் தோல் வாசம். விரால் பொரியலோடு நான்கிலும் இதுவே முதல். சுருட்டுக்கு முன்னால் ஜேம்சனைவிட ஒரு நிமிடம் கூட நின்றது, அவ்வளவுதான்.

## புஷ்மில்ஸ், அதன் கறுப்புத் தம்பி

வட அயர்லாந்தின் அன்ரிம் மாவட்டம். லேபலில் 1608 என்று போட்டிருக்கும். அது அந்தப் பகுதியில் வடிக்க சேர் தோமஸ் பிலிப்ஸுக்குக் கிடைத்த அரச அனுமதியின் ஆண்டு. கம்பனி பதிவானது 1784இல். லேபலைக் காட்டி "நானூறு வருடப் பழசு" என்று மச்சான் பெருமையடித்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

வெள்ளை லேபல் ஒரிஜினல் இலேசானது. எங்கள் வெக்கையில் அதன் தேன் வாசம் நன்றாகவே எழுந்தது. ஐஸ் கட்டி போட்டதும் படுத்துவிட்டது. புகைக்கு முன்னால் ஜேம்சனின் நிலைதான்.

பேச வேண்டியது அதே புஷ்மில்ஸின் இன்னொரு போத்தலான பிளாக் புஷ்ஷைப் பற்றி. கலவையில் பெரும்பங்கு மோல்ற். அதுவும் ஸ்பெயினின் ஒலரோசோ ஷெரி வைன் கிடந்த பீப்பாய்களில் ஊறியது. விலை ஒரு படிதான் கூட; சுவை மூன்று படி கூட. முந்திரிகை வற்றல், ஊறிய பேரீச்சம்பழம், பிற்பாடு கறுவாப்பட்டை. நான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தேன். அந்த இரண்டும் ஒன்றையொன்று தெரிந்தவர்கள்போல் சேர்ந்தன. பாலைப்பழக் காலத்தில் வரும் மச்சானாக இருந்தால் ஒரு கிண்ணம் பாலைப்பழத்தோடு குடித்துப் பாருங்கள். அந்தப் பிசுபிசுத்த இனிப்புக்கும் ஷெரிக்கும் ஏதோ உறவு இருக்கிறது.

குறை உண்டு. கச்சானோடு சரிவரவில்லை, உப்புப் பட்டதும் இனிப்பு புளித்துப்போகிறது. யாழ்ப்பாணச் சுருட்டின் காரம் இதன் பழச் சுவையைக் கசப்பாக்கியது. கறுத்த மதுரோ சிகாரோடு சேர்த்தபோதோ, மூன்று இரவிலும் கிடைத்த நல்ல சேர்க்கைகளில் அதுவும் ஒன்று.

## பவர்ஸ் கோல்ட் லேபல்

இதை மச்சானுக்கே தெரியாது. லண்டனிலிருந்து வந்த சகலன் ஒருவர் கொண்டுவந்தது. பவர்ஸும் ஜேம்சனும் ஒருகாலத்தில் டப்ளினில் போட்டிக் கம்பனிகள். 1966இல் கோர்க் கம்பனியையும் சேர்த்துக்கொண்டு மூன்றும் ஒன்றாகின, அயர்லாந்தில் விஸ்கித் தொழில் அவ்வளவு நொடிந்திருந்தது. 1975இலிருந்து எல்லாம் மிடில்டனில்தான். ஒரே அடுப்பு, வேறு வேறு கறி. பவர்ஸில் கொப்பரை வடியின் பங்கு தூக்கலாகத் தெரியும். மதுசாரமும் 43.2 வீதம்.

கொப்பரை வடிக்கு ஒரு கதை இருக்கிறது. முளைகட்டிய பார்லிக்கு 1785இல் வரி விழுந்தது. ஐரிஷ்காரன் யோசித்தான்: முளைகட்டினால்தானே வரி? முளைகட்டாத பச்சைப் பார்லியைப் பாதிக்குப் பாதி கலந்துவிட்டான். வரியைச் சுற்றிப்போகக் கண்டுபிடித்த அந்தத் தந்திரத்தால்தான் ஐரிஷ் விஸ்கிக்கு எண்ணெய்ப் பிடிப்பும் மிளகுக் காரமும் வந்தன. வரிக்காரர் பக்கத்திலும் ஒரு கெட்டிக்காரர் இருந்தார். இனியஸ் கோஃபி என்ற முன்னாள் ஐரிஷ் வரி அதிகாரி 1830இல் ஓயாமல் வடிக்கும் கோபுர வடிகலத்துக்குக் காப்புரிமை எடுத்தார். டப்ளின் பெருமுதலாளிகள் அதைச் சீண்டவில்லை, ஸ்கொட்லாந்துக்காரர் தூக்கிக்கொண்டுபோய்ப் பணக்காரர் ஆனார்கள். எங்கள் தென்னஞ் சாராயத்திலும் அந்தக் கோபுரத்துக்குப் பங்கு உண்டு.

சரி, சுவைக்கு வருவோம். பவர்ஸின் முதல் மிடறே மிளகு, கிராம்பு, அதன்பின் தேன். ஒரு ஐஸ் கட்டிக்கு அசையவில்லை. கச்சானும் இதுவும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. புழுக்கொடியலை மென்றுகொண்டு குடித்தால் அந்த மாவுத் தன்மையில் இதன் காரம் இறங்கி நிற்கும். யாழ்ப்பாணச் சுருட்டை அண்ணை பற்றி முடித்துவிட்டு இதைக் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது நிக்குது" என்றார். நான்கில் அவர் அப்படிச் சொன்னது இதற்கு மட்டும்தான்.

விமான நிலையக் கடைகளில் இது கண்ணில் படுவது குறைவு. லண்டன்காரர், அமெரிக்காக்காரர் ஊர்க் கடையிலேயே வாங்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். உடைந்தால் உடுப்பெல்லாம் மணக்கும்.

## இனிச் சுருட்டு

யாழ்ப்பாணச் சுருட்டு. எங்கள் பெரியவர்களுக்கு வெறும் புகை இல்லை. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். கியூபாவின் தொழிற்சாலைகளிலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இதே வழக்கம். வாசிப்பவருக்கு லெக்டர் என்று பெயர். அட்லாண்டிக் கரையிலும் பாக்கு நீரிணைக் கரையிலும் இலை சுற்றும் கைகள் ஒரே மாதிரிக் காதுக்கும் வேலை கேட்டிருக்கின்றன.

விலை அற்பம், எங்கும் கிடைக்கும், பெட்டியோ பராமரிப்போ தேவையில்லை. சின்னது, இருபது நிமிடத்தில் முடியும். காரம் பொல்லாதது. வெறும் வயிற்றில் பற்றிய மச்சான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். விஸ்கியோடு சேர்த்து இழுக்காதீர்கள். முதலில் விஸ்கி, பிறகு தண்ணீர், அப்புறம் சுருட்டு என்ற ஒழுங்கில் போனால் எந்த ஐரிஷும் பிழைக்கும். ஒன்றாகவே வேண்டும் என்பவருக்குப் பவர்ஸ் மட்டும்.

கனெக்டிகட் மேலிலைச் சிகார். துணிப் பந்தல் நிழலில் வளர்த்த வெளிறிய இலை மேலே சுற்றியிருக்கும். பாலேடு, காய்ந்த வைக்கோல், வறுத்த கச்சான் வாசம். ஐரிஷுக்குப் பொதுவாக இதைத்தான் சிபாரிசு செய்வார்கள், நியாயமும் இருக்கிறது. ஜேம்சனையும் டல்லமோரையும் கொல்லாது. சுருட்டுப் பழகிய அண்ணைக்கோ இது பீடிக்கும் குறைவு. "காத்தைப் பத்த வைச்சமாதிரி" என்று பாதியில் வைத்துவிட்டார்.

மதுரோ. கூட நாள் புளிக்கவைத்துக் கறுத்த இலை. கோப்பித்தூள், கருக்கிய சர்க்கரை, சொக்லேற். பார்க்கப் பயம் காட்டினாலும் நாக்கில் இனிப்பு. ஐந்து அங்குல ரொபஸ்டோ வாங்கினால் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும், நுளம்பும் அதுவரை உங்களோடு இருக்கும். அதைவிடச் சின்ன அளவு, அரை மணித்தியாலச் சாமான் எடுங்கள். பிளாக் புஷ்ஷோடு போடுங்கள்.

| | யாழ்ப்பாணச் சுருட்டு | கனெக்டிகட் | மதுரோ | சுருட்டில்லாமல், பைற்ஸோடு |
|---|---|---|---|---|
| ஜேம்சன் | காணாமல் போகும் | முதல் பாதிவரை சரி | வேண்டாம் | ஜிஞ்சர் பியரோடு |
| டல்லமோர் டியூ | காணாமல் போகும் | நல்லது | சுமார் | விரால் பொரியல் |
| புஷ்மில்ஸ் ஒரிஜினல் | காணாமல் போகும் | சரி | வேண்டாம் | குளிரவைத்துத் தனியாக |
| பிளாக் புஷ் | கசக்கும் | சரி | மிக நல்லது | பனங்கட்டி, பாலைப்பழம் |
| பவர்ஸ் | தாங்கும் | சிகார் தோற்கும் | நல்லது | கச்சான், புழுக்கொடியல் |

## கணக்கில் வராத செலவுகள்

போத்தல் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

கனடாப் போத்தல் 750 மில்லி, ஐரோப்பியப் போத்தல் 700, விமான நிலையக் கடைகளில் பெரும்பாலும் ஒரு லீற்றர். மில்லிக் கணக்குப் பார்த்தால் மலிவென்று நினைத்தது மலிவாக இராது. சரக்குப் பெட்டியில் 24 முதல் 70 வீத மதுசாரம் ஒருவருக்கு 5 லீற்றர்வரை வைக்க விமானக் கம்பனிகள் விடும். அதற்காக எங்கள் சுங்கம் அத்தனையையும் வரியில்லாமல் விடும் என்று அர்த்தமில்லை. புறப்பட முன்னர் விதியைப் பார்க்கச் சொல்லுங்கள், சிகாருக்கும் சேர்த்து. இடையில் டோஹாவிலோ துபாயிலோ மாறுபவர் முத்திரையிட்ட பையை உடைக்கக்கூடாது. இந்தத் தலையிடி வேண்டாமென்றால் கட்டுநாயக்காவில் இறங்கியபின் உள்ளேயிருக்கும் கடையில் வாங்கலாம். தெரிவு குறைவு, ஜேம்சன் இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளூர் உரிமக் கடையில் இறக்குமதிப் போத்தல் வாங்கினால் நீங்கள் குடிப்பதில் பெரும்பங்கு வரிதான். போயா நாளில் அதுவும் பூட்டு.

கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சி முந்நூறு கிலோமீற்றர் அளவு. வழியில் வாகனம் சாப்பாட்டுக்கு நிற்கும்போது போத்தல் வெயிலில் வேகும். தக்கை தளர்ந்து கசிந்த கதை எனக்குத் தெரியும். உடுப்புக்குள் சுற்றிச் சீற்றுக்கடியில் நிமிர்த்தி வையுங்கள்.

சிகாரின் செலவு இன்னும் ஒளிந்திருப்பது. நல்ல சிகாருக்கு 65 முதல் 70 வீத ஈரப்பதம் வேண்டும். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் இலை அப்பளம்போல் நொறுங்கும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியும் ஈரப்பதம் காக்கும் பக்கற் ஒன்றும் போதும், மரப்பெட்டி ஆடம்பரம். அந்தப் பக்கற்றையும் மச்சான்தான் கொண்டுவர வேண்டும்.

அதைவிடப் பெரிய எதிரி புகையிலை வண்டு. அதன் முட்டை இலைக்குள்ளேயே இருக்கும். 25 பாகையைத் தாண்டும் சூட்டில் பொரிக்கும். வன்னியில் 25 பாகை என்பது குளிர். முதல் தடவை ஐந்து சிகாரை அலுமாரிக்குள் வைத்து, இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள், அடியில் தூள். இப்போது வந்தவுடன் காற்றுப்புகாத பையிலிட்டு மூன்று நாள் பிரீசருக்குள். பிறகு ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன்பிறகே வெளியில். நேரே வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். இதற்கு வீட்டுக்காரி பிரீசரில் இடம் தரவேண்டுமே என்பது தனி வழக்கு.

கடைசியாக, கியூபா என்று சொல்லி விற்கப்படுவது. தலைநகர்க் கடையொன்றில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் பளபளவென்று இருந்ததை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கியூபாக்காரர் கண்ணாடி மூடிப் பெட்டியில் சிகார் அடைத்து விற்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே இருந்தது துண்டு இலையும் தும்பும். அண்ணை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எங்கள் சுருட்டுக்காரன் இதைச் சுற்றியிருந்தால் கொட்டிலிலிருந்து கலைத்திருப்பார்கள் என்றார்.

## யாருக்கு எது

புகைக்காத வீடு, ஆட்கள் கூட, ஆளுக்கொரு ருசி என்றால் ஜேம்சன். மீன் பொரியலை நம்பி இருக்கும் இரவுக்கு டல்லமோர். மச்சான் கனெக்டிகட் கொண்டுவந்தாலும் அதற்கு இதுவே பொருத்தம். ஒரிஜினல் புஷ்மில்ஸை யாராவது தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டு வாங்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக இருவர் மட்டும் இருந்து ஒரு மதுரோவை முடிக்கப் போகிறீர்கள் என்றால் பிளாக் புஷ்ஷுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீணில்லை. ஊர்ச் சுருட்டை விடமாட்டேன் என்பவருக்குப் பவர்ஸ்.

ஐரிஷே தேவையா என்றும் ஒருவர் கேட்டார். சுருட்டுத்தான் முதன்மை என்றால் ஹல்மில்ல மரப் பீப்பாயில் கிடந்த நல்ல தென்னஞ் சாராயம் பாதி விலைக்கு அதே வேலையைச் செய்யும். பாதை பூட்டியிருந்த காலத்தில் பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த எங்களுக்கு இப்படித் தெரிவு பார்த்துக் குடிப்பதே ஒரு புதினம்தான். அந்தப் புதினத்தை அனுபவிக்கத்தான் ஐரிஷ் கேட்கிறோம், ஒளிப்பானேன்.

இந்த வருடம் நான் மச்சானுக்கு அனுப்பிய செய்தி இது: "பவர்ஸ் கிடைச்சா ஒண்டு. கிடைக்காட்டி பிளாக் புஷ். சிகார் வேண்டாம், ஈரப்பதப் பக்கற் இரண்டு போதும், போன முறை மதுரோவில மூண்டு பிரீசரில கிடக்கு." பதில் உடனே வந்தது. "அண்ணைக்கு என்ன?" அண்ணையிடம் கேட்டேன். அவருக்கு ஒரு நல்ல லைற்றர் வேண்டுமாம். சோழகத்தில் நெருப்புக்குச்சி நிற்பதில்லை.